ஓ0-இல் ஒழுங்காக ஓடும் சி++ சர்வீஸ், ஆப்டிமைசேஷன் போட்டதும் க்ராஷ் ஆகிறது. இது கம்பைலர் பக் தானா?

எடைமேடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் பழைய சி++ சர்வீஸ் ஒன்று இருக்கிறது. லாரி எடைமேடைகளில் இருந்து சீரியல் போர்ட் வழியாக ரீடிங் வாங்கி, ஃபைலில் எழுதி, அப்புறம் சர்வருக்கு அனுப்பும். எழுதியவர்கள் யாரும் இப்போது கம்பெனியில் இல்லை. உபுண்டு 16.04-இல் ஜிசிசி 5.4 கம்பைலர் வைத்து பில்ட் செய்து பல வருடமாக ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடியது. இப்போது மெஷினை மாற்றி உபுண்டு 22.04-க்கு வந்துவிட்டோம், அதில் இருப்பது ஜிசிசி 11. கோடில் ஒரு வரி கூட மாற்றவில்லை. பில்ட் சத்தமே இல்லாமல் முடிகிறது, ஆனால் சர்வீஸ் கிளம்பியதும் செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டு விழுகிறது.

ஓ0 போட்டு, அதாவது ஆப்டிமைசேஷன் இல்லாமல், பில்ட் செய்தால் நாள் முழுக்க ஓடுகிறது. ஓ1 போட்டாலே விழுகிறது, ஓ2, ஓ3 பற்றிக் கேட்கவே வேண்டாம். டீபக் செய்ய வசதியானது என்கிற ஓஜி-யிலும் அதே கதைதான். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்டில் ஓ0 பில்டை ஓட்டிப் பார்த்தேன், சுத்தம். இணையத்தில் படித்துவிட்டு ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்கை (வேறு வேறு டைப் பாயிண்டர்கள் ஒரே இடத்தைச் சுட்டாது என்கிற கம்பைலரின் அனுமானம்) அணைத்தேன், எஃப்-ராப்வி (எண் நிரம்பி வழிந்தால் சுற்றி வரட்டும் என்கிற ஃப்ளாக்) போட்டேன், ஒன்றும் மாறவில்லை.

எனக்குப் புரியவே புரியாத விஷயம் இதுதான். விழுந்த நேரத்து மெமரியைச் சேமித்த கோர் ஃபைலை டீபக்கரான ஜிடிபி-யில் திறந்தால், விழுந்த இடம் பழைய லாக் ஃபைல்களை அழிக்கும் ஃபங்ஷன் என்று காட்டுகிறது. அதை ராத்திரி 12 மணிக்கு ஒரு டைமர் மட்டும்தான் கூப்பிடும், சர்வீஸ் கிளம்பும்போது யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. பேக்ட்ரேஸில் (எது எதைக் கூப்பிட்டது என்கிற பட்டியல்) அதற்கு அடுத்த ஃப்ரேம்கள் எல்லாம் வெறும் கேள்விக்குறி. இடையில் லாக் வரி சேர்த்தால் விழும் இடம் மாறுகிறது.

மேனேஜர் "ஓ0-லேயே விட்டுவிடலாமே, வேகம் யாருக்கு வேண்டும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது ஜிசிசி-யின் தவறு என்றால் அவர்களுக்கு எழுதலாமா? எப்படி உறுதி செய்வது?

நள்ளிரவு_கமிட் எழுதியது:

கம்பைலர் மேல் பழி போடுவதற்கு முன்னால் வார்னிங் என்ன வருகிறது என்று பாருங்கள். ஜிசிசி 5 காலத்து சி++ கோடு ஜிசிசி 11-இல் சத்தமே இல்லாமல் பில்ட் ஆகிறது என்றால் அதுதான் முதல் சந்தேகம். மேக்ஃபைலில் சின்ன டபிள்யூ ஃப்ளாகைப் போட்டு மொத்த வார்னிங்கையும் யாராவது அடைத்து வைத்திருப்பார்கள்.

ஹெக்ஸ்டம்ப் எழுதியது:

யாரும் கூப்பிடாத ஃபங்ஷனுக்குள் போய் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். அழிக்கும் ஃபங்ஷனை விடுங்கள், அது அப்பாவி. பைனரியில் அதற்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஃபங்ஷன் எது என்று ஆப்ஜ்டம்ப் போட்டு டிஸ்அசெம்ப்ளியில் (மெஷின் கோடைப் படிக்கும் வடிவில்) பாருங்கள். சோர்ஸ் ஃபைலில் முன்னால் இருப்பதை நம்ப வேண்டாம், கம்பைலர் வரிசையை மாற்றி வைக்கும். அந்த ஃபங்ஷன் பூல் அல்லது இன்ட் தருவதாக அறிவிக்கப்பட்டிருக்கும், உள்ளே ரிட்டர்ன் எழுதாமல் விட்டிருப்பார்கள். பந்தயம் கட்டுகிறேன்.

சி++ விதிப்படி, வாய்ட் அல்லாத, அதாவது மதிப்பு தருவதாக அறிவித்த ஃபங்ஷன் ஒன்று ரிட்டர்ன் இல்லாமல் கடைசி அடைப்பைத் தொட்டால் அது அன்டிஃபைன்ட் பிஹேவியர், என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தராது. மெயினுக்கு மட்டும் விலக்கு, அங்கே தானாக 0 போகும். சி-இல் இவ்வளவு கண்டிப்பு கிடையாது, தராத அந்த மதிப்பைக் கூப்பிட்டவர் எடுத்துப் பயன்படுத்தினால்தான் தப்பு. சி-இல் இருந்து சி++-க்கு வந்த ஆட்கள் இதை ஒரு பொருட்டாகவே மதிக்காததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். பழைய ஜிசிசி-யும் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டது, ரிஜிஸ்டரில் என்ன குப்பை இருந்ததோ அதோடு ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். 2018-இல் வந்த ஜிசிசி 8-இல் இதை மாற்றினார்கள். ஆப்டிமைசேஷன் போட்டிருந்தால், அந்தக் கடைசி அடைப்பை யாரும் ஒருபோதும் அடைய மாட்டார்கள் என்றே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அடையவே போவதில்லை என்றால் திரும்பிப் போகிற ரெட் இன்ஸ்ட்ரக்ஷன் எதற்கு, ஸ்டாக்கைச் சரிசெய்யும் வரிகள் எதற்கு? இரண்டையும் வைக்காது. ப்ராசசருக்கு ஃபங்ஷன் என்றால் என்ன என்றே தெரியாது, அடுத்து கிடக்கும் பைட்டுகளை ஓட்டிக்கொண்டே போகும். நடுச்சுவர் எழுப்பாத இரட்டை வீட்டில் இருட்டில் நடந்து பக்கத்து வீட்டு அடுப்படியில் போய் நிற்கிற மாதிரிதான் இது.

அப்படி நுழைந்த ஃபங்ஷனுக்கு யாரும் ஆர்க்யுமென்ட் எதுவும் தரவில்லை. முதல் ஆர்க்யுமென்ட் வருகிற ஆர்டிஐ ரிஜிஸ்டரில் கிடந்த குப்பையைப் பாயிண்டர் என்று நம்பித் திறக்கிறது, விழுகிறது. விழாமல் கடைசி வரை போயிருந்தால் உங்கள் லாக் ஃபைல்கள் காலியாகியிருக்கலாம். க்ராஷ் ஆனதற்கு சந்தோஷப்படுங்கள்.

ஓ0-இல் ஏன் தெரியவில்லை என்றால், ஆப்டிமைஸ் செய்யாதபோது ஜிசிசி இந்த அனுமானத்தை வைப்பதில்லை. வால்கிரைண்ட் சுத்தம் என்று சொன்னதும் அதனால்தான், நீங்கள் ஓட்டிய பைனரியில் அந்த ஓட்டை இல்லவே இல்லை. விழுகிற பில்டைத்தான் சோதிக்க வேண்டும், விழாத பில்டைச் சோதித்துப் பலனில்லை. கிளாங் என்கிற இன்னொரு கம்பைலர் இதில் நேரெதிர், ஓ0-இல் அந்த இடத்தில் ஒரு ட்ராப் வைத்துவிடும், இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று அங்கேயே செத்துப்போகும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொரு வடிவமும் உண்டு. ஃபங்ஷனின் கடைசியில் ஒரு ஃபார் லூப், அதற்குப் பிறகு ரிட்டர்ன் இல்லை என்றால், லூப் முடிந்தால் அடைய முடியாத இடத்துக்குப் போக வேண்டும், ஆகவே லூப் முடியவே முடியாது என்று கம்பைலர் முடிவு கட்டி, முடிவைச் சோதிக்கும் நிபந்தனையையே தூக்கிவிடும். அர்ரேக்கு வெளியே போய் விழும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு சத்தியமாகக் கம்பைலர் பக் போலத்தான் தெரியும்.

டபிள்யூஎரர்=ரிட்டர்ன்-டைப் ஃப்ளாகைப் போட்டு ஒரு தடவை பில்ட் செய்யுங்கள், எந்த ஃபைல், எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். அதோடு எஃப்-சானிடைஸ்=அன்டிஃபைன்ட் போட்டு ஒரு பில்ட் எடுத்து ஓட்டுங்கள், ஓடும்போதே அன்டிஃபைன்ட் பிஹேவியரைப் பிடிக்கும் சானிடைசர் அது.

கர்னல்_கிறுக்கன் எழுதியது:

எல்லோரும் கம்பைலருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். கம்பைலரிலும் பக் உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் சிஸ்மித் என்று ஒரு கருவி செய்து 2011-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அன்டிஃபைன்ட் பிஹேவியர் எதுவும் இல்லாத சி ப்ரோக்ராம்களைத் தாறுமாறாக உருவாக்கி, பல கம்பைலர்களில் ஓட்டி, விடை வேறுபடுகிறதா என்று பார்ப்பார்கள். 325-க்கு மேல் பக்குகள் கிடைத்தன. சிலவற்றில் கம்பைலரே க்ராஷ் ஆகும், மற்றவற்றில் சத்தமில்லாமல் தப்பான கோடு போடும். அவர்கள் சோதித்த ஒரு கம்பைலர் கூட தப்பவில்லை. கணித நிரூபணத்தோடு எழுதப்பட்ட காம்ப்செர்ட் கம்பைலரின் நடுப்பகுதியில் மட்டும் தப்பான கோடு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் 2014 ஜூலை. ஜிசிசி 4.9.0-இல் பில்ட் செய்த லினக்ஸ் கர்னல் எப்போதாவது ஒருமுறை காரணமே தெரியாமல் பேனிக் ஆகும். ஷெட்யூலரில் லோட் பேலன்ஸ் ஃபங்ஷனின் அசெம்ப்ளியை எடுத்துப் பார்த்த, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கம்பைலரைத் திட்டித் தீர்த்தார். ஸ்டாக் பாயிண்டரைக் கீழே இறக்குவதற்கு முன்பே, அதற்குக் கீழே இருக்கும் இடத்தில் கம்பைலர் ஒரு மதிப்பை எழுதி வைத்திருந்தது. சாதாரண ப்ரோக்ராமில் அந்த இடத்துக்கு ரெட் ஜோன் என்கிற பாதுகாப்பு உண்டு, கர்னலில் அது கிடையாது. அந்த இரண்டு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு இடையில் ஒரு இன்டரப்ட் வந்தால் எழுதியது போச்சு. இதில் வேடிக்கை, தற்காலிகத் தீர்வாக அணைத்தது டீபக் தகவலுக்கான வார்-ட்ராக்கிங்-அசைன்மென்ட்ஸ் என்கிற ஃப்ளாக். டீபக் தகவல் சேர்த்தால் கோடு மாறவே கூடாது என்பதுதான் அடிப்படை விதி, அதுவே மாறியிருந்தது.

அன்டிஃபைன்ட் பிஹேவியர் என்று நீங்கள் சொல்வதிலும் எனக்கு வழக்கு இருக்கிறது. 2009-இல் 2.6.30 கர்னலின் டன் (மெய்நிகர் நெட்வொர்க்) ட்ரைவரில் டன் என்கிற பாயிண்டரைத் திறந்து அதில் இருந்து சாக்கெட்டை எடுத்துவிட்டு, அதற்கு அடுத்துதான் டன் நல் (null, எதையும் சுட்டாத பாயிண்டர்) தானா என்று சோதித்தார்கள். ஏற்கனவே திறந்தாகிவிட்டது, ஆகவே நல்-ஆக இருக்க முடியாது என்று ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. வெறும் க்ராஷ் ஆகியிருக்க வேண்டியது, கர்னலையே கைப்பற்றும் ஓட்டையாகிப் போனது. எழுதியவர் வரிசை தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணெதிரே எழுதியிருக்கும் சோதனையை ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்குவது என்ன நியாயம்? கர்னல்காரர்கள் விதியோடு வாதாடவில்லை, நல் சோதனைகளை நீக்காதே என்கிற ஃப்ளாகை நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்கையும் அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

ஹெக்ஸ்டம்ப் எழுதியது:

@கர்னல்_கிறுக்கன் வழக்கில் பாதி உங்கள் பக்கம்தான். சொல்லாமல் தூக்குவது எனக்கும் எரிச்சல். ஆனால் கம்பைலர் "இது புரோக்ராமர் எழுதிய சோதனை" என்று பார்த்து நீக்குவதில்லை. மாக்ரோ விரிந்தும், டெம்ப்ளேட் விரிந்தும், இன்லைன் ஆகியும் வருகிற தேவையில்லாத சோதனைகள் ஏராளம், எல்லாவற்றுக்கும் வார்னிங் போட்டால் திரை நிரம்பி வழியும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். ரிட்டர்ன் இல்லாத விஷயத்தில் வார்னிங் கொடுக்கத்தான் செய்கிறார்கள், ஜிசிசி 8-இல் இருந்து சி++-க்கு அது கேட்காமலேயே வரும்.

போர்டு_பித்தன் எழுதியது:

மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் இதே மாதிரி ஒரு க்ராஷ், யாருக்காவது உதவும். கார்டெக்ஸ் எம்4 சிப்பில் சீரியலில் வந்த பைட் பஃபரின் நடுவில் இருந்து 32 பிட் எண்கள் இரண்டை எடுக்கிறார்கள், பைட் பாயிண்டரை அப்படியே கேஸ்ட் செய்து. ஓ0-இல் ஒவ்வொன்றும் தனித்தனி எல்டிஆர் (மெமரியில் இருந்து எடுக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்), அலைன் ஆகாத, அதாவது 4-ஆல் வகுபடாத முகவரியையும் அது பொறுத்துக்கொள்ளும். ஓ2-இல் கம்பைலர் பக்கத்துப் பக்கத்து லோடு இரண்டையும் சேர்த்து ஒரே எல்டிஆர்டி ஆக்கிவிடும், அந்த இன்ஸ்ட்ரக்ஷன் 4-ஆல் வகுபடாத முகவரியைப் பொறுக்காது, நேராக ஹார்ட் ஃபால்ட். போர்டு கெட்டுவிட்டது என்று மாற்றியவர்களை எனக்குத் தெரியும். கேஸ்ட் வேண்டாம், மெம்காப்பி போடுங்கள். அளவு தெரிந்த சின்ன மெம்காப்பியைக் கம்பைலர் பெரும்பாலும் ஓரிரு இன்ஸ்ட்ரக்ஷனாகச் சுருக்கிவிடும், ஃபங்ஷன் கால் கூட மிஞ்சாது.

எக்ஸ்86-இலும் வரும். ஓ3-இல் லூப்பை வெக்டரைஸ் செய்யும்போது 16 பைட் அலைன்மென்ட் கேட்கிற எம்ஓவிடிக்யூஏ வந்து உட்காரலாம். எக்ஸ்86 எந்த முகவரியையும் பொறுக்கும் என்று நம்பி எழுதிய கோடு அங்கே விழும்.

எடைமேடை எழுதியது:

@ஹெக்ஸ்டம்ப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். @நள்ளிரவு_கமிட் நீங்களும்தான், மேக்ஃபைலின் அடியில் சின்ன டபிள்யூ இருந்தது. அதை எடுத்ததும் வார்னிங் கொட்டியது. செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும் ஃபங்ஷன், பூல் தருவதாக அறிவித்திருக்கிறார்கள், ஃபைல் திறக்காவிட்டால் பொய் என்று ரிட்டர்ன் இருக்கிறது, நன்றாகப் படித்து முடித்தால் ஒன்றும் இல்லை. கூப்பிடுகிற இடத்தில் அந்த மதிப்பை யாரும் பார்ப்பதும் இல்லை. பைனரியில் அதற்கு அடுத்து உட்கார்ந்திருந்தது அழிக்கும் ஃபங்ஷனேதான். இன்னும் சில இடங்களிலும் இதே மாதிரி இருந்தது, எல்லாவற்றுக்கும் ரிட்டர்ன் போட்டாயிற்று.

இப்போது சர்வீஸ் கிளம்புகிறது. ஆனால் முதல் ரிப்போர்ட் எடுக்கும்போது வேறு இடத்தில் விழுகிறது. இந்தத் தடவை பேக்ட்ரேஸ் ஒழுங்காக இருக்கிறது, வாடிக்கையாளர் மரத்தில் எண்ணிக்கை எடுக்கும் மெம்பர் ஃபங்ஷன். ஃபால்ட் முகவரி 0x10. அதன் முதல் வரியே திஸ் (அந்த ஆப்ஜெக்டையே சுட்டும் பாயிண்டர்) நல் என்றால் 0 திருப்பு என்றுதான் இருக்கிறது, அடுத்த வரியில் இடது பக்கமும் வலது பக்கமும் தன்னையே கூப்பிடுகிறது. சோதனை இருக்கும்போது எப்படி விழும்? ஓ0-இல் வழக்கம்போல ஒன்றும் இல்லை.

ஹெக்ஸ்டம்ப் எழுதியது:

அது ஜிசிசி 6, 2016. நல் பாயிண்டர் வைத்து மெம்பர் ஃபங்ஷனைக் கூப்பிடுவதே அன்டிஃபைன்ட் பிஹேவியர், ஆகவே உள்ளே வந்த பிறகு திஸ் நல்-ஆக இருக்க வழியில்லை என்று எடுத்துக்கொண்டு உங்கள் முதல் வரியைத் தூக்கிவிட்டது. நீங்கள் 5-இல் இருந்து 11-க்குத் தாவியதால் இரண்டு மாற்றங்களும் ஒரே நாளில் தலையில் விழுந்திருக்கின்றன. 0x10 என்கிற முகவரியே சாட்சி, நல்லுக்கு மேல் 16 பைட் தள்ளி இருக்கும் மெம்பரைத் தொட்டிருக்கிறது. வெட்கப்பட வேண்டாம், க்யூட்டி 5, குரோமியம், கேடெவலப் எல்லாம் இதில் விழுந்தன என்று ஜிசிசி 6-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

அவசரத்துக்கு எஃப்-நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ் போட்டால் நிற்கும். நிஜமான சரிசெய்தல், அந்தச் சோதனையைக் கூப்பிடும் இடத்துக்கு நகர்த்துவது, அல்லது நோடை ஆர்க்யுமென்டாக வாங்கும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனாக மாற்றுவது. இரண்டாவது சுலபம், கூப்பிடும் இடங்கள் நிறைய என்றால் கூட கை வலிக்காது.

நள்ளிரவு_கமிட் எழுதியது:

கேள்வியில் ஒரு பாதி பதில் இல்லாமலே நிற்கிறது, நிஜமாகவே கம்பைலர் பக்தான் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று. நான் செய்கிற வழியைச் சொல்கிறேன். முதலில் சானிடைசர் பில்ட் சுத்தமாக வர வேண்டும், அது வராமல் அடுத்த அடி எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை. அப்புறம் பாதி ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஓ0-இலும் பாதியை ஓ2-இலும் பில்ட் செய்து லிங்க் செய்யுங்கள், எந்தப் பாதியில் விழுகிறதோ அதை மறுபடி இரண்டாக்குங்கள், சீக்கிரமே ஒரு ஃபைலில் வந்து நிற்கும். ஃபைலுக்குள் ஃபங்ஷன் ஃபங்ஷனாக ஆப்டிமைஸ் ஆட்ரிப்யூட் வைத்து இதையே செய்யலாம், ஆனால் அதனால் இன்லைன் ஆவது நின்று பக் ஒளிந்துகொள்ளும் வாய்ப்பும் உண்டு, கவனம். கிளாங்கில் இது இன்னும் சொகுசு, ஆப்ட்-பைசெக்ட்-லிமிட் என்று ஒரு எண் கொடுத்தால் அத்தனை ஆப்டிமைசேஷன் படிகளோடு நிறுத்திக்கொள்ளும், எந்தப் படியில் கெடுகிறது என்று எண்ணை வைத்தே பிடித்துவிடலாம்.

ஒரு ஃபங்ஷனில் வந்து நின்ற பிறகு அசெம்ப்ளியைப் படித்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. சோர்ஸைப் படித்து விதிமீறல் எதுவும் இல்லை என்று கையில் அடித்துச் சொல்ல முடிந்தால், சி-வைஸ் அல்லது சி-ரெட்யூஸ் வைத்து அதைச் சின்னதாக்கி, கம்பைலர் எக்ஸ்ப்ளோரரில் வெவ்வேறு ஜிசிசி வெர்ஷன்களில் ஓட்டிப் பாருங்கள். ஒரு வெர்ஷனில் மட்டும் கெட்டு அடுத்ததில் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஏற்கனவே யாரோ எழுதிச் சரிசெய்திருப்பார்கள், பக் பட்டியலான ஜிசிசி பக்சில்லாவில் ராங்-கோட் என்கிற குறிச்சொல்லில் தேடுங்கள். புகார் எழுதுவதற்கு முன் ஏலியாசிங், ராப்வி, அக்ரசிவ் லூப் ஆகிய மூன்று ஃப்ளாகுகளையும் போட்டுப் பார்க்கச் சொல்லி அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் ஏதாவது ஒன்றால் நடத்தை மாறினால் தவறு அனேகமாக உங்கள் கோடில்தான் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இந்தத் திரியில் பார்த்தீர்களே, அவற்றில் எடைமேடை போட்டுப் பார்த்த இரண்டும் ரிட்டர்ன் இல்லாத க்ராஷை அசைக்கவே இல்லை. மாறவில்லை என்பதால் மட்டும் கம்பைலர் குற்றவாளி ஆகிவிடாது.

கர்னல்_கிறுக்கன் எழுதியது:

32 பிட் எக்ஸ்86 பைனரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்சில்லாவில் 323 என்கிற எண்ணை ஒருமுறை படியுங்கள், 2000-இல் பதிவானது. எக்ஸ்87 (பழைய தசம எண் யூனிட்) ரிஜிஸ்டரில் 80 பிட்டாக இருக்கும் டபுள், மெமரிக்குப் போனதும் 64 பிட்டாகச் சுருங்கும், அதனால் ஆப்டிமைசேஷன் போட்டால் ஒரே எண்ணை இரண்டு தடவை ஒப்பிட்டு இரண்டு விடை வரலாம். சார்ட்டுக்குக் கொடுத்த ஒப்பீட்டு ஃபங்ஷன் அப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் சார்ட் அர்ரேக்கு வெளியே போய் விழும். எம்எஃப்பிமேத்=எஸ்எஸ்இ போட்டால் ஓயும், கூடவே எம்எஸ்எஸ்இ2-வும் வேண்டும்.

எடைமேடை எழுதியது:

ஸ்டாட்டிக் ஃபங்ஷனாக மாற்றிவிட்டேன். ஓ2 பில்ட் ஓடுகிறது, ரிப்போர்ட்டும் வருகிறது. சானிடைசர் பில்டில் இன்னும் சில ஷிஃப்ட் எச்சரிக்கைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். மேனேஜரிடம் ஓ0 பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். எடைக்கருவி தயாரித்தவர்கள் கொடுத்த ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரி இருக்கிறது, சோர்ஸ் கிடையாது, அவர்கள் பழைய ஜிசிசி-யில் கட்டிக் கொடுத்த ஏ ஃபைல். அதற்குள்ளும் இதே தவறுகள் இருந்தால்?

ஹெக்ஸ்டம்ப் எழுதியது:

இருந்தாலும் இந்த இரண்டும் புதிதாக வெளியே வராது. இந்த முடிவுகள் எல்லாம் கம்பைல் செய்யும்போது எடுக்கப்படுபவை, பழைய கம்பைலர் போட்ட மெஷின் கோடு அப்படியேதான் லிங்க் ஆகும், எல்டிஓ (லிங்க் நேர ஆப்டிமைசேஷன்) போட்டுக் கட்டாமல் இருந்தால். நீங்கள் பார்க்க வேண்டியது அதோடு வந்த ஹெடர்களை. அவற்றில் இருக்கும் இன்லைன் ஃபங்ஷன்களும் டெம்ப்ளேட்டுகளும் உங்கள் ஜிசிசி 11-இல்தான் பில்ட் ஆகின்றன. சிஸ்டம் ஹெடர் பாதையில் சேர்த்திருந்தால் வார்னிங்கும் அடங்கிவிடும், அதனால் ஐசிஸ்டம் என்பதை எடுத்துவிட்டு வெறும் ஐ பாதையாக வைத்து ஒரு பில்ட் எடுங்கள், கூடவே திஸ்-ஐ நல்லோடு ஒப்பிடும் வரிகளுக்கு ஒரு கிரெப் தேடல்.